நேடீன் வாசித்தால்தான் ஆமென்

எங்கள் சபையில் கர்த்தரிடம் யாரும் வெறும் வாயால் பேசுவதில்லை. பேச்சுக்குக் கீழே மெல்லக் கீபோர்டு ஓட வேண்டும். ஜெபத்துக்கு ஓட வேண்டும், காணிக்கைக்கு ஓட வேண்டும். வாகன நிறுத்தத்தில் ஒரு நீல நிறக் காரின் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்ற அறிவிப்பைக்கூட, சொல்பவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், அதற்கும் ஓட வேண்டும். இதற்கு எங்களிடையே 'அடியில் வாசிப்பது' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக அடியில் வாசிப்பவள் நேடீன் பர்விஸ். பதினொரு வருடமாக மண்டபத்தின் கடைசியில், ஒலிப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அவள் சத்தத்தை ஏற்றி இறக்குபவன் நான். பெயர் ராய்ஸ். வாரநாட்களில் ஓக்லஹோமாவின் துல்சா நகரம் முழுக்கச் சுற்றி ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிறேன். அங்கேயும் காதை வைத்துத்தான் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் எனக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலை.

அடியில் வாசிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஜெபம் நடக்கும்வரை நேடீனின் விரல்கள் முடிவில்லாத ஒரு ஸ்வரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், ஒருவன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்பதுபோல. ஜெபிக்கிறவருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் அவள் மெதுவாக, பாட்டு வந்து அடங்குகிற வீட்டு ஸ்வரத்துக்கு இறங்குவாள். தூக்கிய கால் தரையைத் தொடும். உடனே அவர் வாயில் 'இயேசுவின் நாமத்தில்' என்று தானாக வரும், ஆமென் வரும், எல்லோரும் கண்ணைத் திறப்போம். ஜெபத்தை முடிப்பது தாங்கள்தான் என்று போதகர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொழுவத்துக்குத் தானாகவே திரும்பியதாக மாடும்தான் நினைக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு அவளுக்கு வலது கை நரம்பு இழுத்துக்கொண்டது. இடது கையால் தொங்குகிற ஸ்வரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், இறங்க முடியவில்லை. தலைமைப் போதகர் நோயாளிகளுக்காக ஜெபித்தார். ராணுவத்தாருக்காக ஜெபித்தார். சோயா விளைச்சலுக்காக ஜெபித்தார். பிறகு தேசங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். உருகுவேக்கு வந்தபோது முன்வரிசையில் ஒருவர் மயங்கி விழுந்தார். சர்க்கரை இறங்கிவிட்டது. அந்த வார மடலில் அதை ஆவியானவரின் அசைவு என்று போட்டார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த சபைக்குத்தான் போன வருடம் 'கலைஞர் குணநல இயக்குநர்' என்ற பதவி வந்தது. காரணம் எங்கள் கிடார்க்காரன். ஒரு ஞாயிறு அவன் மிக நன்றாக வாசித்துவிட்டான். இரண்டு பேர் கை தட்டிவிட்டார்கள். மூப்பர் குழு அன்று மதியமே கூடி, எங்கள் இசைக்கலைஞர்களின் இருதயம் ஆபத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தது. நாட்டின் நாலா பக்கமும் தேடி ப்ரேடன் கால்குவிட்டைக் கொண்டுவந்தார்கள். வயது முப்பத்து நாலு. ஓக்லஹோமா ஆகஸ்ட் வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத மனிதர். வந்த முதல் மாதமே 'மறைந்திருங்கள்' என்று ஒரு பிரச்சாரம் தொடங்கினார். கலைஞன் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. சுவரொட்டியில் அவருடைய முகம் ஆறடி உயரத்துக்கு இருந்தது.

பிறகு 'கலைஞனின் இருதயம்' என்ற பத்து வாரப் பாடம் வந்தது. முடித்தவர்களுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள, அவரவர் படம் போட்ட ஒரு பச்சை அட்டை. அட்டை இல்லாதவர் மேடையில் உள்ள கருவியைத் தொடக்கூடாது. நேடீன் ஐந்து வாரம் போனாள். ஆறாவது வாரம் அவள் தம்பி வர்ஜிலை மருத்துவமனையில் சேர்த்தார்கள். கணையத்தில் புற்று. பள்ளிக்கூடச் சமையலறையில் பகல் முழுக்க நின்றுவிட்டு, சாயங்காலம் அவன் கட்டிலருகே உட்காருவாள். பாடம் நடப்பதும் சாயங்காலம்தான்.

வர்ஜில் தளம் போடுகிற தொழிலாளி. எங்கள் சபைக்குள் அவன் வந்தது ஒரே தடவை, பெண்கள் கழிப்பறைக்குத் தரை ஓடு பதிக்க. அப்போது நான்கு நாள் மண்டபத்திலிருந்து வந்த ஒத்திகையையெல்லாம் கேட்டிருக்கிறான். சாவதற்கு முந்தின வாரம் நேடீனிடம் சொன்னானாம்: "எனக்கு நீ வாசி. வேற யாரும் வேணாம். ஆனா ஒண்ணு. யாராவது பேச ஆரம்பிச்சா அடியில வாசிக்காத. நீ வாசிக்கறதுதான் அவங்களுக்குத் தைரியம் குடுக்குது."

செவ்வாய் விடிகாலையில் போய்விட்டான். சனிக்கிழமை அடக்கம் என்று முடிவாயிற்று. அவன் கேட்டது அந்த ஒன்றுதான். அதைச் செய்து முடிக்க வேண்டும் என்பதைத் தவிர நேடீனுக்கு அந்த வாரம் வேறு எதுவும் இல்லை. புதன் காலை மண்டபத்துக்காகச் சபை அலுவலகத்துக்குப் போனாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெம்பில்லை என்று நான்தான் கூட்டிப்போனேன்.

அங்கே கெய்லி இருந்தாள். ஊக்குவிப்பு ஒருங்கிணைப்பாளர். நல்ல பெண்தான், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் சங்கடம்.

"சிஸ்டர் நேடீன்! உங்க இழப்புல நாங்க எல்லாரும் கூட நிக்கிறோம்," என்றாள். பிறகு யாரை இழந்தாள் என்று திரையில் பார்த்துக்கொண்டாள். "உங்க தம்பி... வர்ஜில். சனிக்கிழமை மண்டபம் காலியாத்தான் இருக்கு. பூ வைக்கலாம், படம் போட்டுக் காட்டலாம், சாப்பாட்டுக் கூடம்கூட எடுத்துக்கலாம். பியானோ மட்டும்தான்..."

"பியானோவுக்கு என்னம்மா?"

"உங்க பேரு சிவப்பா காட்டுது சிஸ்டர். அஞ்சு வாரம் பாக்கி."

"போன ஞாயித்துக்கிழமை நான்தானே வாசிச்சேன்?"

"அது ஞாயிறு ஆராதனை. அதுக்குக் கிருபை விலக்கு இருக்கு. நீங்க வாசிக்கலன்னா சபைக்குப் பாதிப்பு வரும்ல? அடக்க ஆராதனை வேற வகை. அதுல நீங்க வாசிக்கலன்னா பாதிப்பு உங்களுக்கு மட்டும்தான். அதனால விலக்கு வராது."

அவள் இதைச் சொன்னபோது முகத்தில் அத்தனை கனிவு.

"அப்ப சனிக்கிழமை யாரு வாசிப்பாங்க?" என்று கேட்டேன்.

கெய்லி விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "கீபோர்டு பிரிவுல பச்சை அட்டை இருக்கறவங்க... ஒருத்தர்தான். ப்ரேடன் பிரதர்."

"அவருக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா இருதயம் பச்சையா இருக்கு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரியிடம் வரம் கொடுக்கவும் மறுக்கவும் ஒரு மென்பொருளே இருந்தது. இருந்தாலும் கெய்லி ஒரு வழி கண்டுபிடித்தாள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு விரைவுப் பாதை என்று ஒன்று உண்டாம். ஐந்து வாரப் பாடத்தை இரண்டு நாளில் முடிக்கலாம். ஊக்கத்தோழரிடமிருந்து ஏழு ஊக்கம் பெற வேண்டும், ஒருவருக்கும் தெரியாமல் ஒரு ஊழியம் செய்ய வேண்டும், வியாழன் மூன்று மணிக்கு இயக்குநரோடு இருதய உரையாடலுக்கு வர வேண்டும்.

"ஊக்கத்தோழர் யாரும்மா?" என்றாள் நேடீன்.

"சிஸ்டம் போட்டிருக்கு. ராய்ஸ் பிரதர்."

வேலியில் போன ஓணான் என் மடியில் வந்து விழுந்தது.

ஊக்கம் என்பதை வாயால் சொன்னால் செல்லாது. செயலியில் தட்டி அனுப்ப வேண்டும். அது படித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அன்று மதியம் ஒரு உணவகத்தின் பின்புறம், திறந்துபோட்ட ஃபிரிட்ஜ் முன்னால் குந்தியபடி முதல் ஊக்கத்தை எழுதினேன். 'நேடீன், நீ வாசிக்கலன்னா இந்தச் சபை ஊமை.' உடனே சிவப்பு. 'திறமையைப் புகழ்வது பெருமைக்கு வாசல். வேறு சொற்களில் முயலவும்.' இரண்டாவதாக எழுதினேன்: 'வர்ஜில் நல்ல மனுஷன். சாயங்காலம் உருளைக்கிழங்கு கேசரோல் கொண்டுவரேன்.' மறுபடி சிவப்பு. 'இது ஊக்கம் அல்ல. உணவுத் தகவலைச் சமூகப் பலகையில் பதியவும்.' கடைசியில் அதுவே ஒரு பட்டியலைக் காட்டியது. அதிலிருந்து எடுத்தால் தடையில்லை. 'உங்கள் இருப்பே ஒரு பரிசு' என்பதை எடுத்து ஆறு தடவை அனுப்பினேன். ஆறும் பச்சை. ஏழாவதை மட்டும் சொந்த வார்த்தையில்தான் எழுத வேண்டும் என்று அது அடம்பிடித்தது. எழுதினேன், மறுத்தது. மறுபடி எழுதினேன், மறுத்தது. ஃபிரிட்ஜ் காத்திருந்தது, விட்டுவிட்டேன்.

பத்து நிமிடம் கழித்து நேடீன் போன் செய்தாள். சவப்பெட்டிக் கடையில் இருந்தாள்.

"ராய்ஸ், எவனோ ஒருத்தன் என் இருப்பு ஒரு பரிசுன்னு வரிசையா ஆறு தடவ அனுப்பியிருக்கான். கடைக்காரர் வேற பக்கத்துல நின்னு பாக்குறாரு. போலீஸ்ல சொல்லிரலாமா?"

"நான்தான்."

"நீயா? பட்டப்பகல்ல குடிக்க ஆரம்பிச்சிட்டியா?"

"ஊக்கம் நேடீன். உனக்கு ஊக்கம் குடுக்குறேன்."

"ஓ," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "வந்துருச்சு. நன்றி. ஓக் மரத்துக்கும் பைன் மரத்துக்கும் பாக்க ஏதாவது வித்தியாசம் தெரியுதா உனக்கு? எனக்கு ஒண்ணும் தெரியல."

அடுத்தது ரகசிய ஊழியம். வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்ற வசனத்தின் அடிப்படையில் அமைந்தது. செய்துகொண்டிருக்கும்போது ஒரு படம், முடித்தபின் ஒரு படம் எடுத்து எல்லாக் கலைஞர்களும் பார்க்கிற பலகையில் ஏற்ற வேண்டும். எங்கள் டிரம்ஸ்காரன் ஒரு முதியவரின் காலைக் கழுவிய ரகசியத்துக்கு நானூறு பேர் இருதயக் குறி போட்டிருந்தார்கள். அந்த முதியவர் அவனுடைய மாமனார். அவர் அன்று காலையில்தான் குளித்திருந்தார்.

நேடீன் பெண்கள் கழிப்பறையைக் கழுவுகிறேன் என்றாள். வியாழன் காலை வாளியும் தூரிகையுமாக உள்ளே போனாள். படம் எடுக்க ஆள் வேண்டும் என்பதால் கதவில் 'உள்ளே ஆண் பணியாளர்' என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டு நானும் போனேன். அவள் முழங்காலில் உட்கார்ந்து தரையைத் தேய்த்தாள். வரிசை வரிசையாகச் சாம்பல் நிற ஓடு. கடைசித் தொட்டிக்குப் பின்னால் ஒரு ஓடு மட்டும் கொஞ்சம் திருகி இருந்தது.

"இது வேணும்னே வச்சது," என்றாள். "எல்லா வேலையிலயும் ஒண்ணு இப்படி வைப்பான். யாருக்கும் தெரியாத எடத்துல. ஏண்டான்னு கேட்டா, அது என் கையெழுத்து அக்கான்னு சொல்வான்."

அந்த ஒரு ஓட்டையே ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் படம் எடுக்க மறந்துவிட்டேன். பிறகு நினைவு வந்து எடுத்து ஏற்றினேன். கெய்லியிடமிருந்து பதில் வந்தது: 'அருமை சிஸ்டர்! ஆனால் முகம் தெரியவில்லை. மகிழ்ச்சியான ஊழியமாகத் தெரிய வேண்டும் என்பதால், சிரித்தபடி இன்னொன்று?'

இன்னொன்று எடுத்தோம். அந்தச் சிரிப்பை நான் வர்ணிக்கப் போவதில்லை.

மூன்று மணிக்கு மாடியில் உள்ள கண்ணாடி அறைக்குப் போனோம். அதற்கு 'மேலறை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதிரே நீளமான மேசை, ஒரு தட்டில் டோநட், மூலையில் ஜெபக் கூட்டங்களுக்காக வைத்த சின்னக் கீபோர்டு. ப்ரேடன் எழுந்து நின்று நேடீனின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டார். தொப்பி இருந்தது.

"சிஸ்டர், இத விசாரணைன்னு நெனைக்காதீங்க. மனசு விட்டுப் பேசப்போறோம், அவ்வளவுதான்." உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். மூடினார். அறையைச் சுற்றிப் பார்த்தார். "என்னமோ... அறை காய்ஞ்ச மாதிரி இருக்கே. அடியில யாராவது..."

கெய்லி நேடீனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சபையில் அடியில் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"என்னோட விசாரணைக்கு நானே வாசிக்கணுமா?" என்றாள் நேடீன்.

"உரையாடல், சிஸ்டர்."

"எனக்குத்தான் அட்டை இல்லையே."

கெய்லி விதிகளைப் பார்த்தாள். "மேடைல இருக்கற கருவிதான் தொடக்கூடாது. இது மேலறைக் கருவி. ஒண்ணும் பிரச்சனை இல்ல."

நேடீன் எழுந்து மூலைக்குப் போனாள். நாலு இரவாகத் தூங்காதவள் நடக்கிற நடை. உட்கார்ந்து மிதியில் காலை வைத்து, தொங்குகிற ஸ்வரத்தைப் பிடித்தாள். ப்ரேடனின் முகத்தில் ரத்தம் ஊறியது. கண்ணை மூடினார்.

"நாம இங்க யாரையும் நியாயந்தீர்க்கல," என்று ஆரம்பித்தார். "நியாயந்தீர்க்கறது ஆண்டவரோட வேலை. நாம மதிப்பெண் மட்டும்தான் போடறோம். ஒரு கலைஞனுக்கு முதல் எதிரி யாரு? கைதட்டல். எனக்குக் கைதட்டாதீங்கன்னு டல்லஸ்ல ஆயிரத்தி எரநூறு பேர் முன்னாடி சொன்னேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டுனாங்க. அப்படி ஒரு தாழ்மை அந்த அரங்கத்துல நான் பாத்ததே இல்ல. சிஸ்டர் நேடீன், உங்க இருதயம் எங்க இருக்கு? பாடத்துல இருந்ததா? அஞ்சு வாரம் அது எங்க போச்சு?"

நல்ல இடம். இங்கே அவள் இறங்கியிருந்தால் அவர் அழகாக முடித்திருப்பார். ஸ்வரம் அப்படியே தொங்கியது.

"ஏன்னா..." என்றார் ப்ரேடன். "ஏன்னா குணம்ங்கறது... வேர் மாதிரி. வேருக்கு வெளிச்சம் கெடையாது. நானும் கலைஞனா இருந்தவன்தான். பள்ளிக்கூட பேண்டுல டிரம்பெட். திறமைப்படி உக்கார வைக்கிற வரிசையில மூணாவது நாற்காலி. நாலு வருஷம் உழைச்சேன், ரெண்டாவது நாற்காலிக்குப் போகவே முடியல. அப்பத்தான் ஆண்டவர் எனக்கு வெளிப்படுத்தினாரு, திறமை முக்கியம் இல்லன்னு."

மறுபடி நிறுத்தி ஒரு கண்ணை லேசாகத் திறந்து மூலையைப் பார்த்தார். ஸ்வரம் தொங்கியது. எனக்கு அப்போதுதான் இன்னொரு சத்தம் கேட்டது. கீபோர்டுக்குப் பின்னால், மெல்லியதாக, சீராக, தேய்ந்த கம்ப்ரசர் மாதிரி. நேடீனின் தாடை நெஞ்சில் விழுந்திருந்தது. விரல் கட்டையில், கால் மிதியில். அவள் தூங்கிவிட்டாள்.

எழுப்பியிருக்கலாம். நான் மூன்றடி தூரத்தில்தான் இருந்தேன். பதினொரு வருடமாக இந்தச் சபையில் யாருடைய சத்தத்தை ஏற்றச் சொன்னாலும் ஏற்றி, இறக்கச் சொன்னாலும் இறக்கியவன் நான். அன்றைக்கு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் சொல்லணும்னா," என்றார் ப்ரேடன், நெற்றியில் வேர்வையோடு. "ஆறாவது வாரத்துலேர்ந்து பத்தாவது வாரம் வரைக்கும்... அந்தப் பாடத்த நான் இன்னும் எழுதல. அஞ்சு வாரத்துக்குத்தான் விஷயம் இருந்துச்சு. பத்துன்னு விளம்பரம் போட்டாச்சு. வந்தவங்க கையெழுத்துப் போட்டுட்டு டோநட் சாப்ட்டுட்டுப் போனாங்க. யாரும் கேக்கல. ரொம்பப் பிரயோஜனமா இருந்துச்சுன்னு எழுதிக்கூடக் குடுத்தாங்க."

கெய்லி தட்டச்சு செய்வதை நிறுத்தினாள்.

"வீட்டுல ஜெபிக்கப் பாக்குறேன். அடியில ஒண்ணும் ஓடல. என் குரல் எனக்கே கேக்குது. ரெண்டு வார்த்தைக்கு மேல வரல. போன்ல பின்னணி இசை போட்டுப் பாத்தேன். அது நாலு மணி நேரம் ஓடுற இசை, முடியவே முடியாது. நாப்பது நிமிஷம் முழங்கால்ல இருந்தேன். எப்படி எந்திரிக்கறதுன்னு தெரியல. என் வீட்டுக்காரி வந்து இசைய நிறுத்துனா." தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். முன்தலை நன்றாக வழுக்கை. "ஊக்கம், ஊக்கம்னு ஊரெல்லாம் பேசுறேன். எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொன்னாலும் எது பட்டியல்லேர்ந்து எடுத்ததுன்னு எனக்குத் தெரிஞ்சுபோகுது, ஏன்னா பட்டியல எழுதுனதே நான்தான். சிஸ்டர்... முடிங்க. தயவுசெஞ்சு முடிங்க."

அந்தக் கெஞ்சலில் அவள் திடுக்கிட்டு விழித்தாள். கை கட்டையிலிருந்து எழுந்தது, கால் மிதியிலிருந்து எழுந்தது. ஸ்வரம் இறங்கவில்லை, அப்படியே அறுந்தது.

"ஆமென்," என்றாள் நேடீன், பழக்கதோஷத்தில். எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். "முடிஞ்சுதா? சனிக்கிழமை வாசிக்கலாமா?"

"வாசிங்க," என்றார் ப்ரேடன்.

"பிரதர், ஏழாவது ஊக்கம் இன்னும் வரல," என்றாள் கெய்லி. பழக்கம் அவளையும் விடவில்லை. "சிஸ்டம் பச்சையா மாறாது."

ப்ரேடன் தன் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினார். நடந்துபோய் நேடீனின் கழுத்தில் மாட்டினார். ஒன்றும் பேசவில்லை. பேசுவதற்கு அடியில் ஒன்றும் ஓடவில்லை.

கீழே வாகன நிறுத்தத்தில் கேட்டேன்: "வேணும்னேதானே செஞ்ச?"

"எத?"

"அவரு அழுதாரே."

"யாரு அழுதா?" என்றாள். "ராய்ஸ், நான் உள்ள கொஞ்சம் கண்ணசந்துட்டேன் போல. யார்கிட்டயும் சொல்லிராத. குணக்குறைன்னு எழுதிருவாங்க."

சனிக்கிழமை தலைமைப் போதகர் ஊரில் இல்லை. ஓய்வின் முக்கியத்துவம் பற்றிய மூன்று நாள் கருத்தரங்குக்காக ஹவாய் போயிருந்தார். அடக்க ஆராதனையை ப்ரேடன்தான் நடத்த வேண்டியிருந்தது. மண்டபத்தில் நாற்பது பேர் இருந்திருப்போம். பாதிப்பேர் ஓடு பதிக்கிறவர்கள். தேய்ந்த முழங்காலோடு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்கள். பெட்டி பைன் மரம். நேடீன் மேடைப் பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், கம்பளித் தொப்பி போட்ட ஒரு ஆணின் படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு.

வர்ஜில் வேலை செய்யும்போது விசிலடிக்கிற பழைய பாட்டை முதலில் வாசித்தாள். எந்த அலங்காரமும் இல்லாமல், ஓடு பதிக்கிற நிதானத்தில், ஒவ்வொன்றாக வைத்து வாசித்தாள். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். முன்வரிசையில் ஒரு கனத்த மனிதர் விசும்பிவிட்டார்.

பிறகு ப்ரேடன் ஜெபிக்க எழுந்தார். கண்ணை மூடினார், காத்திருந்தார். நேடீன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி கேட்டது அதுதான். ப்ரேடன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. மண்டபத்தின் கடைசியில் இருந்த என்னைப் பார்த்தார். என் பலகையில் அவசரத்துக்கென்று பதிவுசெய்த பின்னணி இசை இருந்தது. விரலை ஒரு அங்குலம் நகர்த்தினால் போதும், அவர் பிழைத்துக்கொள்வார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகர்த்தவில்லை.

யாரோ இருமினார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"ஆண்டவரே," என்றார் ப்ரேடன். "எனக்கு வர்ஜிலைத் தெரியாது. அவரு போட்ட தரையில தெனமும் நடக்குற சபை இது. அவரோட அக்காவத் தெரியும். அவங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க. அவங்களப் பாத்துக்கோங்க. ஆமென்."

முடிந்துவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. பாதிப்பேர் கண்ணை மூடியபடியே இருந்தார்கள். ஒலிப்பலகைக்குப் பின்னால் நான் கேட்ட ஜெபங்களில் அதுதான் சின்னது. அதற்கு மட்டும்தான் நான் ஆமென் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன்.

அதோடு சபை திருந்திவிட்டது என்று எழுத ஆசைதான்.

திங்கள் காலை எல்லாக் கலைஞர்களுக்கும் மடல் வந்தது. சனிக்கிழமை ஆராதனையில் இயக்குநர் அடைந்த ஆழமான அனுபவத்தின் அடிப்படையில் 'பரிசுத்த மௌனம்' என்ற புதிய பத்து வாரப் பாடம் தொடங்குகிறது. அனைவருக்கும் கட்டாயம். முடிப்பவர்களுக்கு நீல அட்டை. பச்சை மட்டும் உள்ளவர்கள் இனி மேடை ஏற முடியாது. ஒவ்வொரு வகுப்பிலும் நாற்பது நிமிட மௌனம் உண்டு. கீழே, தடித்த எழுத்தில்: மௌன நேரத்தில் அடியில் மெல்ல வாசிக்கும்படி சிஸ்டர் நேடீன் பர்விஸ் அன்போடு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

நேடீனுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். பள்ளிச் சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது.

"எத்தன வாரம்?" என்றாள்.

"பத்து."

"ஒவ்வொரு வாரமும் நாப்பது நிமிஷமா?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு. நிம்மதியாத் தூங்கலாம்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, சிரிக்கத் தெம்பிருந்திருக்காது. போனை வைத்துவிடுவாள் என்று தோன்றியது. அந்த ஏழாவது ஊக்கம் என்னிடமே கிடந்தது. ஞாயிறு இரவு முழுக்க எழுதி எழுதி அனுப்பிப் பார்த்தேன், ஒன்றும் பச்சையாகவில்லை.

"நேடீன், ஒரு நிமிஷம்," என்றேன். "சனிக்கிழமை நீ வாசிக்கும்போது நான் ஒரு குமிழையும் தொடல. பதினோரு வருஷத்துல மொதத் தடவ. ஏத்தவும் ஒண்ணும் இல்ல, எறக்கவும் ஒண்ணும் இல்ல. அவன் கேட்டது அவனுக்குக் கெடச்சுது."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. மூக்கை உறிஞ்சினாள். கொஞ்ச நேரம் இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அடியில் ஒன்றும் ஓடவில்லை.

"ராய்ஸ்," என்றாள் கடைசியில்.

"சொல்லு."

"இத மட்டும் அந்த ஆப்ல போட்டுராத."